எழுந்துபோக விடும் ஆட்டங்கள்

2014 பிப்ரவரியில் ஹனோய் நகரைச் சேர்ந்த டோங் நுயென் என்ற இளைஞர், ஊர் உலகமெல்லாம் ஆடிக்கொண்டிருந்த தன் ஆட்டத்தைத் தானே ஆப் ஸ்டோரிலிருந்து எடுத்துவிட்டார். அதன் பெயர் 'ஃபிளாப்பி பேர்ட்'. திரையைத் தட்டினால் சின்னப் பறவை ஒன்று எழும்பும், தட்டாவிட்டால் விழும், பச்சைக் குழாய்களின் இடுக்கு வழியே அதைப் பறக்கவிட வேண்டும். அவ்வளவுதான் ஆட்டம். விளம்பரத்தில் நாளொன்றுக்குச் சராசரியாக 50,000 டாலர் வருவதாக அவரே சொல்லியிருந்த நேரம் அது. ஓய்வாக இருக்கும் சில நிமிடங்களுக்கென்று செய்த ஆட்டம், ஆட்களை விடாமல் பிடித்துவைக்கும் பொருளாகிவிட்டது என்பதுதான் அவர் சொன்ன காரணம்.

வேலைக்கு நடுவே கிடைக்கிற ஐந்து நிமிடத்தில் கம்ப்யூட்டரில் ஆட ஏதாவது இருக்கிறதா என்று தேடுகிறவர்கள் இந்தச் சம்பவத்தை யோசித்துப் பார்க்க வேண்டும். ஃபிளாப்பி பேர்டின் ஒரு சுற்று பல நேரம் பத்து விநாடிகூட நீடிக்காது. அப்படியும் அது ஐந்து நிமிடத்துக்குள் அடங்கவில்லை. ஆட்டம் சிறியதாக இருந்தால் மட்டும் போதாது. ஆடுகிறவரை எளிதாக எழுந்துபோக விட வேண்டும். இடைவேளை ஆட்டத்துக்கு அதுவே முதல் தகுதி என்பது என் முடிவு. கடந்த முப்பத்தைந்து ஆண்டுகளைப் பார்த்தால், அந்தத் தகுதி முதலில் தானாக அமைந்திருந்தது. பிறகு காசுக்காக வேண்டுமென்றே கழற்றப்பட்டது. இப்போது சிலர் அதை மெனக்கெட்டுத் திரும்பக் கொண்டுவருகிறார்கள்.

1988 கோடையில் மைக்ரோசாஃப்டில் பயிற்சி மாணவராக இருந்த வெஸ் செர்ரி விண்டோஸுக்காக ஒரு சீட்டாட்டம் எழுதினார். 1990 மே மாதம் வெளியான விண்டோஸ் 3.0 உடன் 'சாலிட்டேர்' என்ற பெயரில் அது உலகெங்கும் போய்ச் சேர்ந்தது. சீட்டுகளை வரைந்தவர் சூசன் கேர்; ஆப்பிள் மெக்கிண்டாஷின் முதல் ஐகான்களை வரைந்த அதே கலைஞர். செர்ரிக்கு இந்த ஆட்டத்தால் ராயல்டி என்று ஒரு காசும் வரவில்லை. முதலில் அவர் அதில் ஒரு ரகசிய விசையும் வைத்திருந்தார். மேலதிகாரி பக்கத்தில் வந்தால் அதை அழுத்த வேண்டும்; சீட்டுகள் மறைந்து வேலை செய்வதுபோன்ற பொய்த் திரை ஒன்று வந்து நிற்கும். நிறுவனம் கேட்டுக்கொண்டதால் அதை நீக்கினார். இந்த ஆட்டத்தை எங்கே, எப்போது ஆடப்போகிறார்கள் என்பது எழுதியவருக்கே அன்றே தெரிந்திருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

1990இல் மவுஸ் என்பது பெரும்பாலானோருக்குப் புதுப்பொருள். சீட்டைப் பிடித்து இழுத்துக் கொண்டுபோய் விடுவதில் கை பழகிவிடும். தொண்ணூறுகளின் பிற்பகுதியில் நம் ஊர் கம்ப்யூட்டர் சென்டர்களில் டி.சி.ஏ. படித்தவர்கள் பலருக்கும் மவுஸ் வசப்பட்டது இப்படித்தான். ஆனால் சாலிட்டேர் முப்பது ஆண்டுகளுக்கும் மேல் நிலைத்ததற்குக் காரணம் வேறு. 52 சீட்டில் 28 ஏழு வரிசைகளில் விரியும். மீதி 24 கட்டாக இருக்கும். கறுப்பு ராணியின் மேல் சிவப்பு ஜாக்கி, அதன் மேல் கறுப்புப் பத்து என்று அடுக்கிக்கொண்டே போனால், சில நிமிடங்களில் ஒன்று எல்லாம் சேர்ந்துவிடும், அல்லது இனி நகர்த்த வழியில்லை என்று தெரிந்துவிடும். இரண்டில் எதுவானாலும் ஆட்டம் முடிந்தது. ஜெயித்தால் சீட்டுகள் ஒவ்வொன்றாகத் துள்ளித் திரை முழுக்கச் சிதறும். தோற்றாலும் இழப்பு ஏதுமில்லை. நேற்றைய புள்ளியை அது ஞாபகம் வைத்துக்கொள்வதுமில்லை.

மேலதிகாரிகளின் பயத்துக்கும் இந்த ஆட்டமே சின்னமாயிற்று. 2006இல் நியூயார்க் மேயர் மைக்கேல் புளூம்பெர்க், ஆல்பனியில் உள்ள தன் நகராட்சியின் அலுவலகத்துக்குப் போனபோது ஓர் ஊழியரின் திரையில் சாலிட்டேர் திறந்திருந்ததைக் கண்டார். அந்த ஊழியர் வேலை இழந்தார். வேலை செய்யும் இடத்தில் ஆட்டம் என்றாலே ஏய்ப்பு என்ற எண்ணம் இன்றும் பல அலுவலகங்களில் அப்படியே இருக்கிறது. அதே அலுவலகத்தில் டீ குடிக்க எழுந்துபோய்க் கால்மணி நேரம் பேசிவிட்டு வருவதை யாரும் ஏய்ப்பு என்பதில்லை.

சாலிட்டேரின் கூட்டாளி மைன்ஸ்வீப்பர். ராபர்ட் டோனரும் கர்ட் ஜான்சனும் உருவாக்கிய இது 1990இல் தனியாக விற்ற ஒரு விளையாட்டுத் தொகுப்பில் வந்து, 1992இல் விண்டோஸ் 3.1 உடனேயே சேர்ந்துகொண்டது. வெறும் அதிர்ஷ்ட ஆட்டம் என்று இதை நினைத்து ஒதுக்கியவர்கள் நிறையப் பேர். அவர்களுக்காக ஒரு சின்ன இடத்தை மட்டும் கிட்டப்போய்ப் பார்ப்போம். திறந்த கட்டங்களின் ஓரத்தில் 1, 2, 1 என்று மூன்று எண்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. அவற்றுக்கு மேலே திறக்காத கட்டங்களின் ஒரு வரிசை. மற்ற பக்கமெல்லாம் திறந்தாகிவிட்டது. ஒவ்வோர் எண்ணும் தன்னைத் தொடும் கட்டங்களில் எத்தனை கண்ணிவெடி என்று சொல்கிறது. நடுவிலுள்ள 2, தன் தலைக்கு மேலுள்ள மூன்று கட்டங்களில் இரண்டு வெடிகள் என்கிறது. அந்த இரண்டும் இடதும் நடுவுமாக இருந்தால் இடதுபக்க 1 இரண்டு வெடிகளைத் தொடும், அது பொய்யாகிவிடும். நடுவும் வலதும் என்றால் வலதுபக்க 1 பொய்யாகும். எனவே வெடிகள் இரண்டு ஓரங்களில். நடுக்கட்டத்தைத் தைரியமாகத் திறக்கலாம். இந்த ஒரு தர்க்கம் பிடிபட்ட நாளில் ஆட்டத்தின் முகமே மாறிவிடும். பிரிட்டிஷ் கணிதவியலர் ரிச்சர்ட் கே 2000இல், எந்த அளவுப் பலகைக்கும் பொதுவாக்கிப் பார்த்தால் மைன்ஸ்வீப்பர் கணினியியலில் கடினமானவை என்று கருதப்படும் கணக்குகளின் வகுப்பைச் சேர்ந்தது என்று நிறுவினார். பத்து வெடி உள்ள தொடக்க நிலையோ பழகியவருக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

ஆனால் இத்தகைய ஆட்டம் உண்மையிலேயே களைப்பைப் போக்குகிறதா? ஆராய்ச்சிகள் சொல்வதை மிகைப்படுத்தாமல் சொல்ல வேண்டும். மத்திய ஃபுளோரிடா பல்கலைக்கழகத்திலிருந்து 2017இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், 66 பேரை முதலில் மூளையைக் களைப்பாக்கும் கம்ப்யூட்டர் வேலையில் ஈடுபடுத்தினார்கள். பிறகு ஐந்து நிமிட இடைவேளை. சிலருக்கு 'சுஷி கேட்' என்ற எளிய ஆட்டம். சிலருக்குத் தளர்வுப் பயிற்சி. சிலர் ஃபோனோ கம்ப்யூட்டரோ இல்லாமல் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். மனம் தெளிந்ததாகச் சொன்னவர்கள் ஆடியவர்கள்தான். சும்மா உட்கார்ந்தவர்களுக்குக் கவலைதான் கூடியது. அதே சமயம், ஆடியவர்களின் அடுத்தகட்ட வேலைத்திறன் பெரிதாக உயர்ந்துவிடவில்லை. பத்து நிமிடத்துக்கு மிகாத இடைவேளைகள் பற்றிய பல ஆய்வுகளைத் திரட்டி 2022இல் வெளியான தொகுப்பாய்வும் ஏறக்குறைய இதையே சொல்கிறது: உற்சாகம் கூடுகிறது, சோர்வு குறைகிறது, ஆனால் மூளையைப் பிழியும் வேலைக்குப் பிறகு வேலைத்திறன் மீள, பத்து நிமிடம் போதாது. எளிய ஆட்டங்கள் மனநிலையை உயர்த்துகின்றன என்று காட்டிய முந்தைய ஆய்வுகளில் சிலவற்றுக்கு ஆட்ட நிறுவனங்களே பணம் கொடுத்தன என்பதையும் வாசகர் மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

ஆக, கிடைப்பது மனத்தெளிவு. அதுவே பெரிய விஷயம் என்று நினைக்கிறேன். ஆனால் அந்தத் தெளிவு கிடைப்பதற்கு ஒரு நிபந்தனை உண்டு. 1928இல் பெர்லினில், உளவியலர் கர்ட் லெவினின் மாணவி மரியா ஓவ்சியான்கினா ஒரு சோதனை நடத்தினார். ஆட்களிடம் சின்னச் சின்ன வேலைகளைக் கொடுத்துப் பாதியில் நிறுத்தச் சொன்னார். பிறகு அவர்களைச் சும்மா விட்டபோது, யாரும் சொல்லாமலே, எந்தக் கூலியும் இல்லாமலே, அவர்களில் பெரும்பாலோர் விட்ட வேலையைத் திரும்ப எடுத்தார்கள். பாதியில் நின்றது கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். 2009இல் ஆய்வாளர் சோஃபி லெராய் இதன் இன்னொரு பக்கத்தைக் காட்டினார்: ஒன்றை முடிக்காமல் அடுத்ததற்குப் போனால், கவனத்தில் ஒரு பகுதி பழையதிலேயே தங்கிவிடுகிறது. இடைவேளைக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். மீண்டும் வேலையில் உட்காரும்போது ஆட்டம் முடிந்திருந்தால் மனம் முழுதாக வரும். முடியாத ஆட்டம் என்றால், கை கீபோர்டில் இருக்கும். மனம் குழாய்களின் இடுக்கில் இருக்கும்.

2009 ஜூனில் ஃபேஸ்புக்கில் வந்த 'ஃபார்ம்வில்' மனத்தின் இந்த இயல்பைத்தான் முதலாக்கியது. விதைத்த பயிர் குறித்த நேரத்தில் விளையும். அப்போது வந்து அறுக்காவிட்டால் வாடிப்போகும். ஆட்டத்துக்கு எப்போது போவது என்பதை ஆடுபவர் தீர்மானிக்கவில்லை, ஆட்டம் தீர்மானித்தது. 2010இல் மாதம் 8 கோடிக்கும் மேற்பட்டோர் அதை ஆடினார்கள். 2012இல் வந்த 'கேண்டி கிரஷ் சாகா' இன்னும் நுட்பமானது. ஐந்து உயிர் கொடுக்கும். ஒவ்வோர் உயிர் திரும்ப 30 நிமிடம். மேலோட்டமாகப் பார்த்தால் இது ஆட்டத்தைக் கட்டுப்படுத்துவதுபோல் தோன்றும். உண்மையில், ஜெயிக்கப்போகிற தறுவாயில் நிறுத்தி, காத்திரு அல்லது காசு கொடு என்கிறது. பாதியில் நிற்பது இங்கே தற்செயல் கிடையாது; வியாபாரமே அதுதான்.

சாலிட்டேரும் இதிலிருந்து தப்பவில்லை. 2012இல் வந்த விண்டோஸ் 8இல் பழைய சாலிட்டேரும் மைன்ஸ்வீப்பரும் இல்லை. ஸ்டோரிலிருந்து இறக்கிக்கொள்ளும் புதிய பதிப்புகள் அவற்றின் இடத்துக்கு வந்தன. 2015இல் விண்டோஸ் 10 உடன் வந்த சாலிட்டேர் தொகுப்பில் நடுநடுவே விளம்பரம் ஓடியது. அது வேண்டாமென்றால் மாதச் சந்தா. தினசரிச் சவால், பதக்கம், நிலை உயர்வு எல்லாம் சேர்ந்தன. 2020இல், ஆட்டத்துக்கு முப்பது வயதானபோது, மாதம் மூன்றரைக் கோடிப் பேர் ஆடுவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. ஆட்கள் குறையவில்லை என்பது உண்மை. ஆனால் சில நிமிட இடைவேளையில் ஒரு பங்கை விளம்பரம் தின்றுவிட்டால் மிச்சமிருப்பதை ஓய்வு என்று எப்படிச் சொல்வது? எனக்கு இது மிகுந்த வருத்தம் தரும் மாற்றம்.

இதற்கு நேரெதிராக ஒரு மனிதர் 2004 வாக்கிலிருந்து அமைதியாக வேலை செய்துவருகிறார். இங்கிலாந்தின் சைமன் டாத்தம். சர்வர்களை நிர்வகிப்பவர்கள் அன்றாடம் திறக்கும் 'பட்டி' என்ற மென்பொருளை எழுதியவரும் இவரே. செய்துகொண்டிருக்கும் வேலையிலிருந்து இரண்டு மூன்று நிமிடம் விலகி, ஒரு சின்ன ஜன்னலைத் திறந்து ஆடிவிட்டுத் திரும்ப, மேசைக் கணினியில் இன்னும் நிறைய ஆட்டங்கள் வேண்டும் என்று நினைத்தார். நல்ல ஆட்டம் ஒன்று கிடைத்தால் அது ஒரு வகைக் கணினியில் மட்டும் ஓடுகிறதே என்ற குறையும் அவருக்கு இருந்தது. அந்த எண்ணத்தில் தொடங்கிய அவருடைய புதிர்த் தொகுப்பில் இன்று நாற்பது அளவில் ஆட்டங்கள் உள்ளன. இலவசம். விளம்பரம் கிடையாது, கணக்குத் தொடங்க வேண்டாம், புள்ளிப் பட்டியல் இல்லை. விண்டோஸ், லினக்ஸ், மேக் எல்லாவற்றிலும் ஓடும், பிரௌசரிலேயே ஆடலாம், ஆண்ட்ராய்டு ஃபோனுக்கும் ஒரு வடிவம் உண்டு.

அந்தத் தொகுப்பின் 'மைன்ஸ்' ஆட்டத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பழைய மைன்ஸ்வீப்பரில் பலரையும் எரிச்சலூட்டிய இடம் ஒன்று உண்டு. கடைசி இரண்டு கட்டம் மிஞ்சும். எதில் வெடி என்று தர்க்கத்தால் சொல்ல முடியாது. கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் திறக்க வேண்டும். டாத்தமின் பதிப்பு, முதல் கட்டத்தைத் திறந்த பிறகே வெடிகளை வைக்கிறது. ஊகமே இல்லாமல் முழுதும் தீர்க்க முடிகிற பலகையாக இருக்கும்படி பார்த்து வைக்கிறது. தவறிப்போய் வெடித்தாலும் ஒரு படி பின்னால் போய்த் தொடரலாம்; எத்தனை முறை வெடித்தது என்று கீழே ஓர் எண் மட்டும் நிற்கும். தோல்வியின் கோபத்தில் இன்னொரு ஆட்டம், இன்னொரு ஆட்டம் என்று இழுபடுவதற்கு இங்கே இடமே இல்லை. மற்ற ஆட்டங்களும் இதே ஒழுங்கில் அமைந்தவை. துண்டு துண்டான கம்பிகளைத் திருப்பித் திருப்பி ஒரே வலையாக இணைப்பது 'நெட்'. சிக்கிக் கிடக்கும் கோடுகளை ஒன்றையொன்று வெட்டாமல் பிரித்தெடுப்பது 'அன்டாங்கிள்'. நாளிதழ்களில் நமக்குப் பழகிய சுடோகுவும் 'சோலோ' என்ற பெயரில் உண்டு. எல்லாவற்றிலும் பலகையின் அளவை நாமே வைத்துக்கொள்ளலாம். மூன்று நிமிடம்தான் இருக்கிறது என்றால் சிறிய பலகை.

எழுந்துபோக விடும் குணத்தை ஊரறியச் செய்தது 'வேர்டில்'. ஜோஷ் வார்டில் தன் துணைவியோடு ஆடுவதற்காகச் செய்தது அது. ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல் ஒன்றை ஆறு முயற்சிக்குள் கண்டுபிடிக்க வேண்டும். நாளுக்கு ஒரே சொல். உலகத்துக்கே அதே சொல். முடித்துவிட்டால் நாளைக்குத்தான். ஒரு நாளில் மூன்று நிமிடத்துக்குமேல் உங்களிடம் எதுவும் கேட்காத ஆட்டம் இது என்று அவரே விளக்கினார். 2021 நவம்பர் 1 அன்று ஆடியவர்கள் 90 பேர். 2022 ஜனவரித் தொடக்கத்தில் மூன்று லட்சம். அந்த மாத இறுதியில் நியூயார்க் டைம்ஸ் அதை வாங்கியது. 2024இல் லிங்க்ட்இன் நிறுவனமும் நாளுக்கொரு புதிர் என்று 'குவீன்ஸ்' முதலியவற்றைத் தொடங்கியது. இந்த வகையிலும் ஒரு பொறி உண்டு: தொடர்ந்து எத்தனை நாள் ஆடினீர்கள் என்ற கணக்கு. ஒரு நாள் தவறினால் எண் சுழியமாகும் என்ற பதைப்பு, வாடும் பயிரின் வேலையைத்தான் செய்கிறது. அந்தக் கணக்கைக் கண்டுகொள்ளாமல் இருப்பவருக்கு மட்டுமே இவை ஓய்வு.

கூகுள் குரோமில் இணையம் அறுந்தால் வரும் டைனோசர் ஆட்டமும் நினைவில் வைக்கத்தக்கது. 2014இல் வந்தது. மாதம் 27 கோடி முறை அது ஆடப்படுவதாக 2018இல் கூகுள் கூறியது. பள்ளிகளும் நிறுவனங்களும் அதை முடக்கிவைக்க வழி செய்ய வேண்டிவந்தது. அதற்கு முடிவு கிடையாது. இடறி விழும்வரை ஓட்டம். ஃபிளாப்பி பேர்டின் உறவினர் என்றே அதைச் சொல்வேன். இணையம் வரும்வரை காத்திருக்கும் நேரத்துக்குச் சரி. தேடிப்போய் ஆடத் தேவையில்லை.

தேடுவோருக்குச் சில நடைமுறைச் செய்திகள். 2020 டிசம்பர் 31 அன்று அடோபி ஃபிளாஷுக்கான ஆதரவு நின்றது. இருபது ஆண்டுகளாகப் பிரௌசரில் ஆடிவந்த ஆயிரமாயிரம் சிற்றாட்டங்கள் ஒரேயடியாக நின்றன. அவற்றில் ஏராளமானவற்றை இன்டர்நெட் ஆர்க்கைவ், 'ரஃபிள்' என்ற மென்பொருளின் துணையோடு பிரௌசரிலேயே திரும்ப ஓட வைத்திருக்கிறது. 'ஃபிளாஷ்பாயின்ட்' என்ற தன்னார்வத் திட்டமும் அவற்றைச் சேமித்து வைத்துள்ளது. புதிதாக ஒன்றைப் பிடிக்கும்போது, ஆடுவதற்கு முன்பே அது பெயரும் மின்னஞ்சலும் கேட்டாலோ, அறிவிப்பு அனுப்ப அனுமதி கேட்டாலோ, உடனே மூடிவிடுங்கள். அறிவிப்பு அனுப்ப நினைக்கும் ஆட்டம் உங்கள் வேலை நேரத்தின்மேல் கண் வைத்திருக்கிறது. இன்னொன்று: நாள் முழுக்கத் திரையைப் பார்த்து எரியும் கண்ணுக்கு எந்தத் திரை ஆட்டமும் ஓய்வாகாது. அப்போது ஜன்னலோரம் போய்த் தூரத்தைப் பாருங்கள். சலித்த மனத்துக்குத்தான் ஆட்டம், களைத்த கண்ணுக்கல்ல.

தமிழில் இப்படிப்பட்ட ஆட்டங்கள் இன்னும் நிறைய வர வேண்டும். 2014இல் '2048' என்ற எண் ஆட்டத்தை ஒரே வார இறுதியில் எழுதி வெளியிட்டபோது, இத்தாலியின் கேப்ரியேலே சிருல்லிக்கு 19 வயது. நிரல் எழுதப் பழகும் நம் மாணவர்களால் முடியாத வேலை இல்லை இது. ஆடுபுலி ஆட்டமும் சொல் விளையாட்டுகளும் விடுகதைகளும் கையருகே இருக்கின்றன. சிருல்லியின் நிரலும் டாத்தமின் நிரலும் எவரும் எடுத்து மாற்றிப் பயன்படுத்தலாம் என்ற எம்ஐடி உரிமத்தில் இருக்கின்றன. எடுத்துக்கொள்ளுங்கள், தமிழில் செய்யுங்கள். மூன்று நிமிடத்தில் முடிகிற மாதிரி செய்யுங்கள்.